கயிறு பிடிப்பவருக்கும் கல்வி வேண்டும்

'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருள் உண்டு என்பதைத் தமிழ் வகுப்பில் நாமெல்லாம் படித்திருக்கிறோம். திருவள்ளுவர் அச்சொல்லை அந்தப் பொருளில் ஆண்டிருக்கும் இடம், கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறள். மாட்டையும் கல்வியையும் சேர்த்து எண்ணிப் பார்க்க நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு அது. ஆனால் அந்த மாட்டுக்கு நோய் வந்தால் பார்ப்பவர்கள் என்ன கற்றிருக்கிறார்கள், கற்றதை எப்போது புதுப்பித்துக் கொள்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

மதுரைக்காரர்களாகிய நாம் எண்ணித்தான் ஆகவேண்டும். வெளியூரிலிருந்து வருபவர் இறங்கும் பேருந்து நிலையத்தின் பெயரே மாட்டுத்தாவணி. தாவணி என்றால் கால்நடைச் சந்தை. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்ற பெயர்களை உலகறியச் செய்தவை காளைகள். திருமங்கலம் சந்தையில் கைமாறும் ஆடுகளை நம்பிப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைக் கணக்கிடும் குடும்பங்கள் உண்டு. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் பேரையூரிலும் மழை பொய்த்த ஆண்டுகளில் அடுப்பெரிய வைப்பது ஒரு கறவை மாடு. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் நண்பர்களில் பலருடைய கல்லூரிக் கட்டணமே பால் பணத்திலிருந்து வருவதுதான்.

இத்தகைய நாட்டில் கால்நடை மருந்தகம் என்பது மக்கள் மருத்துவமனைக்கு இணையானது. அங்கே பணியாற்றும் அனைவருக்கும், மருத்துவர் முதல் மாட்டின் கயிற்றைப் பிடிப்பவர் வரை, ஆண்டுதோறும் தொடர்கல்வி வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மருந்தகத்தில் யார் யார்?

ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். கால்நடை உதவி மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஐந்தரை ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்றவர். அவருக்குத் துணையாகக் கால்நடை ஆய்வாளர். அடுத்து, கால்நடை பராமரிப்பு உதவியாளர். மாட்டைச் சட்டத்துக்குள் நிறுத்துவதும், கயிறு பிடிப்பதும், காயம் கழுவுவதும், ஊசியைக் கொதிக்க வைப்பதும், மருந்தை எடுத்துக் கொடுப்பதும், இரத்தமும் சீழும் படிந்த தரையைச் சுத்தம் செய்வதும் இவர்கள் கையில். 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியிலோ, ஓட்டுநரே உதவியாளராகவும் இருக்கிறார்.

மதுரை நகருக்குள் தனியார் நாய், பூனை மருத்துவ நிலையங்கள் பெருகி வருகின்றன. அங்கே மயக்க மருந்து கொடுத்த நாயின் மூச்சைக் கவனித்தபடி பக்கத்தில் நிற்கும் இளைஞர், பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த பிறகே அத்தொழிலைப் பார்த்துப் பார்த்துக் கற்றவராக இருப்பார்.

சட்டமும் இவர்களை மறந்துவிடவில்லை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், தடுப்பூசி போடுதல், காயடித்தல், காயத்துக்குக் கட்டுப் போடுதல் போன்ற சிறு பணிகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் மற்றப் பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்கிறது. சிறு பணி என்று சட்டம் சொன்னாலும், ஊர் முழுவதற்கும் தடுப்பூசி போடுவது சிறு காரியமா? மருத்துவர் கற்ற அறிவு மாட்டின் உடம்பைச் சென்றடைவதற்கு முன் இரண்டு மூன்று பேரின் கைகளைக் கடந்து செல்கிறது. வாய்க்காலின் தலைமதகில் தண்ணீர் நிறைந்திருந்தாலும், இடையில் கரை உடைந்திருந்தால் கடைமடை வயலுக்கு என்ன கிடைக்கும்? பெரியாற்றுப் பாசனத்தில் வாழும் மேலூர் உழவரிடம் கேட்டால் தெரியும்.

அறிவுக்கும் மூப்பு உண்டு

"பட்டம் பெற்றவர்கள், பல ஆண்டு அனுபவம் உடையவர்கள், இவர்களுக்கு இன்னும் என்ன கல்வி?" என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு மருந்தின் கதையைக் கூற விரும்புகிறேன்.

டைக்ளோஃபெனாக் என்பது வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் மருந்து. 1990களில் நம் நாட்டில் மாடுகளுக்கு அது மிகுதியாகப் பயன்பட்டது. விலை குறைவு, பலன் விரைவு. அதைக் கொடுத்த மருத்துவர் யாரும் தவறு செய்வதாக எண்ணவில்லை. அன்றைய அறிவின்படி அது சரியான மருத்துவமே. ஆனால் அதே காலத்தில் வானில் வட்டமிட்ட பாறு கழுகுகள் மறைந்துகொண்டிருந்தன. 2004ஆம் ஆண்டில் காரணம் வெளிப்பட்டது. அம்மருந்து உடலில் தங்கிய நிலையில் இறந்த மாட்டை உண்ட கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. மூன்று வகைக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை அழிந்துபோயின. 2006இல் மாடுகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் நிற்காததால், 2015இல் மனிதருக்கான ஊசி மருந்தும் 3 மில்லி அளவுள்ள சிறு புட்டியில்தான் விற்கப்பட வேண்டும் என்று ஆணை வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்னும் இன்னும் இரண்டு மருந்துகளும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. கழுகுகளுக்குத் தீங்கில்லாத மெலாக்சிகாம் அவற்றின் இடத்தை நிரப்பக் கூடியது.

இன்று தமிழ்நாட்டில் பாறு கழுகைக் காண வேண்டுமானால் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போகவேண்டும். 1995இல் பட்டம் பெற்ற ஒருவர் அதன்பின் எதையும் கற்கவில்லையென்றால், அவர் கையில் இன்னும் பழைய மருந்தே இருக்கும். அவர் கற்று, மருந்தை எடுத்துக் கொடுப்பவர் கற்கவில்லையென்றாலும் முடிவு அதுவேயாகலாம். தடை ஆணை அரசிதழில் வந்துவிட்டது என்பதனால் மருந்து அலமாரிக்கு அச்செய்தி தானாக நடந்து வந்துவிடாது.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் கதையும் இத்தகையதே. மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று 2019இல் நடுவணரசு தடை விதித்தது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்பதை மாட்டுக்காரரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? மருத்துவர் அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார். கயிற்றை அவிழ்த்துவிடும் உதவியாளரிடந்தான் மாட்டுக்காரர் தயங்காமல் கேட்பார். அவர் அறிந்திருந்தால் அந்தப் பால் நம் வீட்டுக் காப்பியில் கலக்காது.

பழமையும் கற்கப்பட வேண்டியதே. மாட்டு வாகடம் என்று ஏட்டில் எழுதிவைத்த மரபு நம்முடையது. அம்மரபைச் சேர்ந்த மூலிகை மருத்துவத்தை நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமே இன்று எடுத்துச் சொல்கிறது. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசச் சொல்கிறார்கள். சுண்ணாம்பு கூடினால் மடி வெந்துபோகும். ஆகவே பாட்டி வைத்தியத்துக்கும் அளவு வேண்டும். அளவு தெரிவதற்குக் கல்வி வேண்டும்.

உயிருக்கு உலை வைக்கும் அறியாமை

இதுவரை மாட்டின் நலத்தைப் பேசினோம். மாட்டைத் தொடுபவரின் உயிரைப் பற்றியும் பேசவேண்டும்.

ஒரு பசு எச்சிலை ஒழுகவிட்டுக்கொண்டு, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்துகிறது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று உதவியாளர் வாய்க்குள் கையை விட்டுப் பார்க்கிறார். மாட்டின் மேல் உள்ள அன்பினால் செய்யும் செயல் அது. ஆனால் அந்த மாடு சில வாரங்களுக்கு முன் வெறிநாயால் கடிபட்டதாக இருந்தால்? வெறிநோய் வந்த மாடு இப்படித்தான் தொண்டை அடைத்ததுபோலத் தோன்றும். விரலில் ஒரு கீறல் இருந்தால் போதும். நோய்க்குறி தோன்றிய பின் அந்நோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. கையுறை போட்டுக்கொள், எச்சில் பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவு, உடனே ஊசி போட்டுக்கொள், இத்தொழிலில் இருப்பவர் கடிபடும் முன்னரே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. இவற்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் ஓர் உயிரின் விலை பெறும்.

இன்னொன்று அடைப்பான். திடீரென்று மாடு விழுந்து இறக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருங்குருதி வழிகிறது. அத்தகைய உடலை அறுத்துப் பார்க்கவே கூடாது. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். அறுத்தால் நோய்க்கிருமி காற்றுப் பட்டு விதைபோல உறைந்து, பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும்; மனிதரையும் பற்றும். தொண்டை அடைப்பான் என்பது வேறொரு நோய். அது மாட்டோடு நிற்பது. இரண்டையும் 'அடைப்பான்' என்றே சுருக்கிச் சொல்லும்போது குழப்பம் நேரக்கூடும். பெயரின் ஒற்றுமையால் வரும் ஆபத்தைக் கல்வியன்றி வேறெது தடுக்கும்?

கன்று வீசும் நோய் என்று நாம் சொல்லும் புருசெல்லோசிஸ் மற்றொன்று. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி நான்கு முதல் எட்டு மாதப் பெண் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. அது உயிருள்ள கிருமியைக் கொண்ட மருந்து. கன்று துள்ளும்போது ஊசி தவறி, போடுபவரின் விரலில் ஏறிவிட்டால் அவருக்கே நோய் வரலாம். விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் வாட்டும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. தாம் கையாளும் புட்டியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொள்வது ஒரு பணியாளரின் உரிமையல்லவா?

சிறு செயல்களில் பெரும் பயன்

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் இருக்கவேண்டும். மதுரையின் அக்கினி நட்சத்திர வெயிலில் அதைப் பெட்டியில் வைத்து மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஊர் ஊராக எடுத்துச் செல்கிறார் ஒருவர். பெட்டி சூடானால் மருந்து கெடும் என்று எல்லாருக்கும் தெரியும். கோமாரித் தடுப்பூசி பனிக்கட்டியாக உறைந்தாலும் கெட்டுவிடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? உறைந்து உருகிய மருந்து புட்டியில் முன்போலவே தோன்றலாம், ஊசியும் போட்டாகிவிடும், பதிவேட்டிலும் ஏறிவிடும். மாட்டுக்கு மட்டும் பாதுகாப்பு இராது. ஒரே ஊசியால் பல மாடுகளுக்குப் போட்டால் நோயைத் தடுக்கச் சென்றவரே நோயைப் பரப்பியவராவார்.

சினை ஊசியும் அவ்வாறே. உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக் குளிரில் இருக்கிறது. அதை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து எடுக்கவேண்டும். நீரின் சூடு மாறினாலும், வெளியே எடுத்தபின் காலம் கடத்தினாலும் பயனில்லை. ஒருமுறை சினை பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று வாரத் தீவனச் செலவு ஓர் ஏழைத் தாயின் தலையில் விழுகிறது.

பிறர் என்ன செய்கிறார்கள்?

இங்கிலாந்தில் கால்நடை மருத்துவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 35 மணி நேரம் தொடர்கல்வி பெற்றாக வேண்டும் என்பது அவர்களுடைய மருத்துவ மன்றத்தின் விதி. நாம் கவனிக்கத்தக்கது அதற்கு அடுத்த விதி. பதிவு பெற்ற கால்நடைச் செவிலியரும் ஆண்டுக்கு 15 மணி நேரம் கற்கவேண்டும். அதாவது, மருத்துவருக்குப் பக்கத்தில் நிற்பவரின் கல்வியும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆண்டுக்கு 15 மணி என்றால் மாதத்துக்கு ஒன்றேகால் மணி! ஒரு திரைப்படத்தின் பாதி நேரந்தான்.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1903இல் சென்னை சைதாப்பேட்டையில் எளிய முறையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989இல் தனிப் பல்கலைக்கழகம் மலர அடித்தளமாயிற்று. 2020இல் நம் அண்டை மாவட்டமான தேனிக்கும் ஒரு கல்லூரி வந்தது. மதுரையிலேயே அப்பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மருத்துவர்களுக்கான புத்தாக்கப் பயிற்சிகளும் கால்நடை வளர்ப்போருக்கான பயிற்சிகளும் நடக்கின்றன. இவை பாராட்டத்தக்கவை. ஆயினும் மருத்துவருக்கும் வளர்ப்பவருக்கும் நடுவில் நிற்கும் பணியாளரின் பெயரும் அந்தப் பட்டியலில் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெற வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

தடைகள் தாமா?

"ஆள் பற்றாக்குறையில் மருந்தகத்தைப் பூட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போவதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆகவே ஒரு வார முகாம் வேண்டா. மாதம் ஒரு பிற்பகலில், கூட்டம் ஓய்ந்த பிறகு, அந்த மருந்தகத்திலேயே ஒரு மணி நேரம் போதும். மருத்துவரே ஆசிரியர், சில நாள் உதவியாளரும் ஆசிரியராகலாம். முரட்டுக் காளையை அடிக்காமல் நிறுத்தும் வித்தையைப் பட்டதாரிக்குக் கற்றுத்தர அவரால் முடியும்.

பாடத்தை நம் மண்ணின் பருவத்தை ஒட்டி வகுக்கலாம். மார்கழியில் சல்லிக்கட்டுக் காளைகளைச் சோதிக்கும் முறை. பங்குனியில் வெயில் தாக்கமும் மருந்துப் பெட்டியின் பாதுகாப்பும். ஆடி, ஆவணியில் மழைக்கு முன் போடவேண்டிய தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசிகள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அதையொட்டி நாய்க்கடிப் பாடம். ஐப்பசி மழையில் கொசுவும் ஈயும் பெருகும்போது, 2019இல் நம் நாட்டுக்குள் நுழைந்த தோல் கழலை நோய்.

"படிக்காதவர்களுக்குப் பாடமா?" என்பது அடுத்த கேள்வி. எழுத்தறிவு குறைந்தவருக்கும் கையறிவு உண்டு. செய்து காட்டினால் செய்வார். பாடம் தமிழில் இருக்கவேண்டும். கேள்வி கேட்டால் கடிந்துகொள்ளாத சூழல் வேண்டும். பயிற்சி நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். கற்றவருக்கு ஒரு சான்றிதழும் சிறு ஊக்கத்தொகையும் கிடைத்தால் ஆர்வம் தானே வளரும். தனியார் மருத்துவ நிலைய உரிமையாளர்களும் இதைச் செலவென்று கருதலாகாது. தேறிய உதவியாளர் ஒருவர், புதிய கருவி ஒன்றினும் மேலானவர்.

நம் பங்கு என்ன?

கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். நம் விலங்கியல் துறையில் நுண்ணோக்கிகள் இருக்கின்றன. குடற்புழு முட்டையையும் இரத்த ஒட்டுண்ணியையும் ஒருமுறை கண்ணால் கண்ட உதவியாளர், சாண மாதிரி எடுப்பதில் பிறகு அசட்டை காட்டமாட்டார். ஆண்டில் ஒரு சனிக்கிழமை நம் ஆய்வகக் கதவை அவர்களுக்குத் திறந்துவிட நம் பேராசிரியர்கள் மனம் வைக்க வேண்டும். தமிழ்த்துறை நண்பர்கள் மருந்துப் புட்டிகளின் எச்சரிக்கைகளை எளிய தமிழில் சுவரொட்டிகளாக எழுதித் தரலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் கால்நடை மருத்துவ முகாம் நடத்துகிறோம். அன்று மாலை அரை மணி நேரத்தை அங்கு வரும் பணியாளர்களின் கலந்துரையாடலுக்கு ஒதுக்கினால் யாருக்கு என்ன நட்டம்?

மருத்துவரைக் கைகூப்பி வணங்கும் நம் மக்கள், கயிறு பிடிப்பவரை "ஏப்பா" என்று அழைத்துப் பழகிவிட்டார்கள். கல்வி அவருக்கு அறிவோடு மதிப்பையும் தரும். உழைக்கும் கைக்கு ஒரு கல்வி, எழுதும் கைக்கு ஒரு கல்வி என்று பிரித்து வைத்த காலம் போகட்டும். ஊமை உயிர்கள் தம் நோயைச் சொல்ல மாட்டா. அவற்றின் பக்கத்தில் நிற்பவரேனும் அந்நோயை அறிந்தவராக இருக்கட்டும். அதற்கு வழி செய்ய அரசும், பல்கலைக்கழகமும், தனியார் மருத்துவர்களும், கல்லூரிகளாகிய நாமும் கை கொடுப்போமாக!